நீல வேனின் பேட்டரி இறங்கிய காரணம்

எனக்கு எழுபத்தொன்பது வயது ஆகிறது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது. இரண்டு என் கொழுந்தனார் பிள்ளைகள், தாய் தகப்பன் இல்லாமல் போனதால் எங்கள் அடுப்படிக்கு வந்ததுகள். எது என்னுடையது எது அவருடையது என்று வெளியாள் ஒருத்தரும் கண்டுபிடித்ததில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழு பேரை ஆளாக்கியவள் ஒரு பேட்டரியிடம் மாதக்கணக்கில் தோற்றுப் போனாள் என்று பின்னால் வருகிறது. அதைப் படிக்கிறவர்கள் என்னை விவரம் கெட்டவள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனேன். நாலாம் வகுப்புக்கு நாற்று நட ஆள் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். எழுத்துக் கூட்டி எழுதுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப் பொழுது ஆகிறது. பொழுது என்னிடம் நிறைய இருக்கிறது.

எங்களுக்குத் தாம்பரம் பக்கத்துச் சிட்லபாக்கம்தான் ஊர். பிழைக்க வந்தவர்கள் இல்லை. ஏரிக்குக் கீழே எங்களுக்கு நெல் வயலும் அதை ஒட்டி ஒரு மிளகாய்க் கொல்லையும் இருந்தது. எல்லாரும் மனை போட்டு விற்றார்கள், நாங்களும் விற்றோம். மிளகாய்க் கொல்லை இருந்த இடத்தில் ஒரு ரிட்டையர்டு சார் வீடு கட்டிக்கொண்டு வந்தார். வந்த மறு மாதமே எங்களைக் காட்டி, "இந்த ஊர்க்காரங்க" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். மனுஷர் நல்லவர். அவர் வீட்டுத் தோட்டத்தில் என்ன வைத்தாலும் நன்றாகக் காய்க்கும். அது எங்கள் எரு.

கடைசித் துண்டு நிலம் போனதும் என் வீட்டுக்காரர் ஒரு வேன் வாங்கினார். ஏதோ கம்பெனியில் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த பழைய டீசல் வண்டி. நீல நிறம். பன்னிரண்டு பேர் உட்காரலாம் என்று விற்றவர்கள் சொன்னார்கள். எங்கள் தெருவிலிருந்து பத்தொன்பது பேர் அதில் உட்கார்ந்து கூடுவாஞ்சேரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தோம். எருமைகளை விற்ற பிறகு கொட்டகை சும்மா கிடந்தது. வேனைக் கொண்டுவந்து அங்கே நிறுத்தினார். அந்த வருஷம் மாட்டுப் பொங்கல் வந்தது. மாடு இல்லையே என்ன செய்வது என்று நான் கேட்டேன். இவர் யோசிக்கவே இல்லை. வேனைக் கழுவி, முகத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, முன்கண்ணாடிக்குக் கீழே நாலு வாழைப்பழத்தை வைத்தார். பழத்தைக் காக்கை தின்றது. அதற்குப் பிறகு வருஷா வருஷம் அப்படித்தான்.

ஐம்பது வயதுக்கு மேல் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர் இவர். வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் பேரப்பிள்ளைகளை ஏற்றிப் போவார். மாடம்பாக்கம் கோயிலுக்கு என்னை ஏற்றிப் போவார். மாடு ஓட்டின பழக்கத்தில் திருப்பத்தில் எல்லாம் "ஹை ஹை" என்று வாயால் ஓட்டுவார். ஹாரன் இருப்பது பாதி நேரம் நினைவிருக்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு வாக்கில் ஒரு நாள் காலை காபி டம்ளரை எடுத்தவர் அதைக் கீழே விட்டார். வலது கை, வலது கால், பாதிப் பேச்சு, மூன்றும் ஒரே நாளில் போயிற்று. வேன் கொட்டகையில் நின்றுவிட்டது. மாதத்துக்கு ஒரு நாள் மட்டும் வெளியே வரும். முதல் புதன்கிழமை தாம்பரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே காலையும் கையையும் நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுப்பார்கள்.

அந்தப் புதன்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையிலேயே முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தோளில் துண்டோடு இவரை நாற்காலியில் உட்கார வைப்போம். இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி வேன் முன்சீட்டுக்கு மாற்றுவார்கள். அந்தச் சீட்டு தோதான உயரம், காலை மடக்க வேண்டியதில்லை. எதிர் வீட்டில் ஒரு டிரைவர் இருந்தார். ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு பஸ் ஓட்டுகிறவர், என்னைப் பெரிம்மா என்று கூப்பிடுவார். அவர்தான் எங்கள் வேனையும் வந்து எடுப்பார். ஜி.எஸ்.டி. ரோட்டில் போகும்போது இவர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வருவார். தெரிந்தவர்கள் கையைத் தூக்குவார்கள், இவர் இடது கையைத் தூக்குவார். மாதத்தில் ஒரு நாள் மனுஷராக வெளியே போய் வந்தார். மற்ற நாளெல்லாம் கட்டிலில் கிடந்தார். வேன் எங்களுக்கு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

இரண்டு மூன்று மாதம் சரியாகப் போயிற்று. பிறகு ஒரு புதன்கிழமை டிரைவர் சாவியைத் திருகினார். டிக் என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான்.

"செல்ஃப் எடுக்கல பெரிம்மா. பேட்டரி இறங்கிப்போச்சு" என்றார்.

தெருவில் இருந்த ஆண்கள் எல்லாம் வந்து தள்ளினார்கள். ஏரிக்கரைப் பக்கம் ரோடு கொஞ்சம் சரிவு. ரிட்டையர்டு சார் தள்ளவில்லை. கூடவே நடந்துவந்து, "செகண்ட் கியர், செகண்ட் கியர்" என்று சொன்னார். வண்டி கிளம்பியது. தான் சொன்னதால் கிளம்பியது என்று அவர் முகத்தில் இருந்தது.

பேட்டரியைக் கடைக்கு அனுப்பிச் சார்ஜ் போட்டு மாட்டினோம். அடுத்த மாதப் புதன்கிழமையும் டிக். மறுபடியும் தள்ளினார்கள். இந்தத் தடவை தள்ள வந்தவர்கள் ஆளுக்கு ஒரு காரணமும் கொண்டுவந்தார்கள். எலி ஒயரைக் கடித்திருக்கும் என்றார் ஒருவர். இரண்டு நாள் எலிப்பொறி வைத்தேன், ஒரு ஓணான் விழுந்தது. பேட்டரி தண்ணி குறைந்திருக்கும் என்றார் இன்னொருவர். வாங்கி ஊற்றினோம். சார்ஜ் போட்டு வந்த பேட்டரியைச் சிமென்ட் தரையில் வைத்தால் தரை சக்தியை இழுத்துவிடும் என்று ரிட்டையர்டு சார் சொன்னார். அதற்குப் பிறகு பேட்டரி கடையிலிருந்து வந்தால் மணைப் பலகை போட்டுத்தான் உட்கார வைத்தேன். என் மூன்று பெண்களும் கல்யாணத்தில் உட்கார்ந்த பலகை அது. பக்கத்து வீட்டுக்காரி கண் திருஷ்டி என்றாள். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினேன். வண்டி கிளம்பாததைத் தவிர வேறு ஒரு கெடுதலும் வரவில்லை.

என் பெரிய பையன் தாம்பரத்திலிருந்து ரயில் ஏறி ஆபீசுக்குப் போகிறவன். எதையும் கணக்காக யோசிப்பான். பேட்டரி பழசு, அதுதான் கோளாறு என்று புதுசே வாங்கிப் போட்டான். புதுப் பேட்டரியும் இரண்டு வாரத்தில் படுத்தது. அப்போது பேட்டரி மேல் குற்றமில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. குற்றம் வேறு யார் மேலாவது இருக்க வேண்டும்.

டிரைவர்தான் ஏதோ லைட்டை அணைக்காமல் போகிறார் என்று நான் சொன்னேன். வாசலில் நின்று, நாலு பேர் காதில் விழும்படி சொன்னேன். அவர், "எல்லாம் அணைச்சிட்டுத்தான் போறேன் பெரிம்மா" என்று ஒரு தடவை சொன்னார். என் பையன் சாவியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டான்.

இப்போது விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தனை பக்கம் தள்ளிப் போட்டதே இதற்காகத்தான்.

இவர் விழுந்த இரண்டாம் மாதம் நான் மாடம்பாக்கம் கோயிலில் ஒரு வேண்டுதல் செய்தேன். கோயில் வாசல் கடையில் ஒரு சாமி படம் வாங்கி, அதை வேனுக்குள் முன்னால் மாட்டி, இவர் எழுந்து நடக்கிற வரைக்கும் அதற்கு முன்னால் அணையாமல் ஒரு விளக்கு எரிய வைக்கிறேன் என்று. வீட்டுக்குள் வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு விளக்கு எரிகிறது. இவர் பிழைத்து எழுந்தால் முதலில் போய் உட்காருகிற இடம் வேன்தான் என்று எனக்குப் பட்டது. அதனால் அங்கே வைத்தேன்.

வண்டிக்குள் எண்ணெய் விளக்கு வைக்க முடியாது. திருவிழாவுக்குச் சீரியல் செட் விளக்கு கட்டுகிற ஆளைக் கூப்பிட்டேன். பட்டாணி அளவு சிவப்பு பல்ப் ஒன்றைப் படத்துக்குக் கீழே வைத்தார். வண்டியின் சாவியோடு சேர்த்துக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். அதெல்லாம் கூடாது, சாவியை எடுத்தாலும் எரிய வேண்டும் என்றேன்.

"கரண்டு எங்கேந்து வந்தா இன்னாக்கா, உங்களுக்கு எரியணும், அவ்ளோதான?" என்றார். பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்துவிட்டுப் போனார். வண்டியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியாது. நன்றாக எரிந்தது.

வாரா வாரம் வெள்ளிக்கிழமை வேன் மேல் போட்ட தார்ப்பாயை விலக்கிப் படத்துக்குப் பூ வைப்பேன். பேட்டரி சார்ஜ் ஏறி வந்த முதல் வெள்ளி விளக்கு பளிச்சென்று இருக்கும். இரண்டாம் வெள்ளி கனிந்த தணல் மாதிரி இருக்கும். மூன்றாம் வெள்ளி இருக்காது. பேட்டரி போனதால் விளக்கு போயிற்று என்று நான் நினைத்தேனே தவிர, விளக்கு எரிவதால் பேட்டரி போகிறது என்று நினைக்கவில்லை. சாமிக்கு வெளிச்சம் இல்லாமல் செய்துவிட்டாரே என்று டிரைவர் மேல்தான் கோபம் வந்தது.

அந்த டிரைவர் ஆரம்பத்தில் ஒரு நாள் சாவியை எடுத்த பிறகு, "சாமி லைட்டு எரியுது பெரிம்மா" என்று என்னிடம் சொன்னார். எரியத்தான் வைத்திருக்கிறது என்றேன். சாமி விஷயம், அதற்கு மேல் அவர் பேசவில்லை. மெக்கானிக் யார் வந்தாலும் பேட்டரி படுத்த பிறகுதான் வந்தார்கள். அப்போது விளக்கு எரிவதில்லை. எரியாத விளக்கை யார் சந்தேகப்படுவார்கள்?

அடுத்த மாதப் புதன்கிழமை மழை. ரோட்டில் ஏதோ குழாய் போட வெட்டி வைத்திருந்தார்கள். என் பையன் சாவியைத் திருகினான், டிக். தள்ளுவதற்கும் ரோடு இல்லை. ஆட்டோ பிடித்தோம். ஆட்டோக்காரர் பொறுமைசாலி, பாவம், அவரும் இறங்கிப் பிடித்தார். நாலு பேர் சேர்ந்து இவரை உள்ளே திணித்தோம். மடங்காத கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மழை நனைக்கக் கூடாதென்று அந்தக் காலில் உரச் சாக்கைச் சுற்றிச் சணல் போட்டுக் கட்டினேன். நான்தான் கட்டினேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் தெரிந்தவர் ஒருவர் கையைத் தூக்கினார். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கஞ்சி கொடுக்கும்போது, இருக்கிற பாதிப் பேச்சில், "இனிமே வேணாம். மூட்டை மாதிரி என்ன கட்டாதீங்க" என்றார்.

ஆஸ்பத்திரிக்கே போவதில்லை என்று அர்த்தம். இவர் ஒன்றை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன்.

பெரிய பையன் கூடத்தில் உட்கார்ந்து சொன்னான், ஓடாத வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, பல்லாவரத்தில் பழைய வண்டி எடுக்கிறவர் ஒருவர் இருக்கிறார், அடுத்த புதன்கிழமை வரச் சொல்கிறேன் என்று. ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்த மாதம் இரண்டு வாரத்தில் மறுபடியும் வரச் சொல்லியிருந்தார்கள், அதே புதன்கிழமை. அன்றைக்கு வண்டி கிளம்பினால் அப்பா அதில் போகட்டும், கிளம்பாவிட்டால் அவர் எடுத்துக்கொண்டு போகட்டும் என்றான். நியாயமாகத்தான் இருந்தது. உள்ளே கட்டிலில் இவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

சனிக்கிழமை நானே பேட்டரியை எடுத்துக்கொண்டு மேற்குத் தாம்பரத்துக்குப் போனேன். யாரையும் கேட்கவில்லை. ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்காரரை அமர்த்தி, பேட்டரியைப் பலகையோடு நடுவில் வைத்து, நான் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலால் அதை அணைத்துக்கொண்டேன். சிட்லபாக்கத்தில் பழைய குடும்பத்து மருமகள் மீன்பாடி வண்டியில் போவதைப் பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். வழியில் பள்ளத்தில் வண்டி விழுந்து ஆசிட் தெறித்தது. புடவை கட்டைவிரல் அகலத்துக்குப் பொத்துப்போயிற்று. முன்பக்கம்தான், கொசுவத்தில் மறைத்துக்கொண்டேன்.

கடைக்காரர் கண்ணாடிக் குழாயைப் பேட்டரிக்குள் விட்டு உறிஞ்சிப் பார்த்தார். ஒரு வாட்டிக்கு இரண்டு வாட்டி பார்த்தார். பேட்டரியில் ஒரு தப்பும் இல்லை என்றார்.

"தொட்டி நெறைய தண்ணி புடிச்சி வெச்சிட்டு கொழாய சரியா மூடலன்னா இன்னா ஆவும்? சொட்டு சொட்டா வெளிய பூடும்ல? அத்த மாதிரி உங்க வண்டில எங்கியோ சொட்டுதும்மா."

எங்கே என்று கேட்டேன்.

"அத்த நீங்கதான் பாக்கணும். நான் தொட்டிக்காரன்" என்றார்.

ஒரு வழி மட்டும் சொல்லிக்கொடுத்தார். வண்டி எடுக்காத நாளில் பேட்டரியின் கறுப்பு ஒயரைக் கழற்றித் தனியாக வைத்துவிட வேண்டும். ஒயர் தொடவில்லை என்றால் சொட்டுவதற்கு வழியே இல்லை. கழற்றும்போது கறுப்பு முதலில், மாட்டும்போது கறுப்பு கடைசியில். டெர்மினலில் வெள்ளையாக உப்புப் பூத்தால் வெந்நீர் ஊற்றித் தேய்த்துவிட்டு வாஸ்லின் தடவ வேண்டும். பத்தாம் நம்பர் ஸ்பானர் ஒன்றையும் கையில் கொடுத்தார். எழுத்து எனக்குக் கொஞ்சம் தகராறு, எண் எல்லாம் தெரியும்.

அன்று சாயங்காலத்துக்குள் சார்ஜ் போட்டுக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேட்டரியை மாட்டினோம். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தரையில் ஒரு மூடி இருக்கிறது, அதற்குக் கீழே பேட்டரி. படத்துக்குப் பூ வைத்தேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. பிறகு கடைக்காரர் சொன்னபடி ஸ்பானரை எடுத்துக் கறுப்பு ஒயரைக் கழற்றினேன். ஒயர் விலகும்போது கடுகு வெடித்த மாதிரி ஒரு சின்னப் பொறி வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். விளக்கு இல்லை.

ஒயரைத் தொட்டு வைத்தேன். விளக்கு வந்தது. எடுத்தேன். போயிற்று.

வேன் படிக்கட்டில் உட்கார்ந்தேன். வண்டியில் எல்லாம் அணைந்திருந்தது, சாவி என் பையனிடம் இருந்தது. வேறு எதுவும் எரியவில்லை. சொட்டுவது எது என்று பார்க்க நான் ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. நான் போட்ட குழாய்தான் அது. நான்தான் மூடக் கூடாது என்று சொல்லிப் போட்டது.

அன்றைக்கு நான் விளக்கை அணைக்கவில்லை. ஒயரைத் திரும்ப மாட்டிவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன். இவர் எழுந்து நடக்கிற வரைக்கும் என்று வாயால் சொன்ன வேண்டுதல். அதை அணைத்தால் இவர் நடக்கமாட்டார் என்று எனக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. அணைக்காவிட்டால் புதன்கிழமை அந்தப் பல்லாவரத்துக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இரண்டு நாள் சாப்பாட்டில் உப்பு போட்டேனா என்றுகூடத் தெரியவில்லை. இவர் வைத்ததைச் சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கொட்டகைக்குப் போனேன். விளக்கு ஞாயிற்றுக்கிழமை இருந்த மாதிரி இல்லை, ஒரு சுற்று குறைந்திருந்தது. அதை ஐந்து மாதம் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியும். சாமியிடம் நின்று பேசினேன். இத்தனை நாள் இது எரிந்தது, இவர் நடக்கவில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை தானாகவே அணைந்தும் போயிருக்கிறது, அதற்காக நீ ஒன்றும் செய்துவிடவில்லை. இப்போது நான் தெரிந்தே அணைக்கிறேன். நடப்பது உன் பாடு, வெளியே போவது என் பாடு. இவ்வளவுதான் சொன்னேன். பல்பைத் திருகி எடுத்தேன். கையில் பட்டபோது இளஞ்சூடாக இருந்தது. கறுப்பு ஒயரையும் கழற்றினேன்.

பிறகு எதிர் வீட்டுக்குப் போனேன். டிரைவர் ஷிப்டு முடிந்து வந்து பல் துலக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு நின்றார். நாளைக்கு வண்டி எடுக்க வர வேண்டும் என்றேன். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. ஏழு பிள்ளைகள் என் முன்னால் தலை குனிந்து நின்று பழக்கம், நான் யார் முன்னாலும் நின்று பழக்கமில்லை. "சரி பெரிம்மா" என்றார். 

புதன்கிழமை பல்லாவரத்துக்காரர் எட்டு மணிக்கே வந்துவிட்டார். வண்டியைச் சுற்றி வந்து, பொண்ணு பார்க்கிற மாதிரி குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தார், தகரத்தைத் தட்டிப் பார்த்தார். என் பையன் அவர் கூடவே நடந்தான். ரிட்டையர்டு சாரும் வந்து நின்றார். இவரை வெள்ளைச் சட்டையும் துண்டுமாக நாற்காலியில் வாசலில் உட்கார வைத்திருந்தோம். வேண்டாம் என்றவர், அன்றைக்கு மழிக்கும்போது தாடையைத் தானே தூக்கிக் காட்டினார்.

நான் வேனுக்குள் ஏறி மூடியைத் திறந்து கறுப்பு ஒயரை மாட்டி முடுக்கினேன். டிரைவர் சாவியைத் திருகினார். ஒரே திருகு. வண்டி ஒரு உலுக்கு உலுக்கிக் கிளம்பியது. புகையில் பல்லாவரத்துக்காரரைக் காணவில்லை. புகை விலகினதும் அவர் இருமிக்கொண்டே, வண்டி நல்லாத்தானே ஓடுது சார், இதை ஏன் விக்கிறீங்க என்று என் பையனைக் கேட்டார். ரிட்டையர்டு சார், நான் அப்போதே சொன்னேன் பலகை மேல் வைக்கச் சொல்லி என்றார்.

இவரைத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். நான் பின்னால் உட்கார்ந்தேன். கிளம்புவதற்கு முன் இவர் சாமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விளக்கு எதற்கு என்று நான் இவரிடம் சொன்னதே இல்லை. சொல்லாததும் தெரிந்திருக்கும் போல.

"விளக்கு?" என்றார்.

"அணைச்சிட்டேன்" என்றேன்.

 டிரைவர் கியரில் கை வைத்தபடி காத்திருந்தார்.

"சரி" என்றார் இவர். "வண்டி கிளம்புச்சே."

ஏரிக்கரை திருப்பத்தில் வாயால் மாடு ஓட்டினார். பாதிச் சத்தம்தான் வந்தது. டிரைவர் அதற்கு ஹாரன் அடித்தார்.

அதற்குப் பிறகு அந்த வண்டி ஒரு புதன்கிழமைகூடப் படுக்கவில்லை. வந்து நின்றதும் கறுப்பு ஒயரைக் கழற்றுவேன். வாரத்துக்கு ஒரு நாள் மாட்டி, டிரைவரைக் கூப்பிட்டு ராஜகீழ்ப்பாக்கம் வரைக்கும் ஓட்டிவிட்டு வரச் சொல்வேன். நின்ற இடத்தில் உறுமவிட்டால் சார்ஜ் ஏறாது, ஓட வேண்டும். கோடையில் தண்ணி மட்டம் பார்ப்பேன். அந்த ஸ்பானரை வேறு யாரும் தொட விடவில்லை. சீரியல் செட் ஆள் விளக்கு எரியவில்லை என்று கேள்விப்பட்டு வந்து, சாவியோடு சேர்த்துக் கொடுக்கிறேன் அக்கா, வண்டி ஓடும்போது மட்டும் எரியும் என்றார். சாவி போட்டால் சாமி, சாவி எடுத்தால் இருட்டு என்கிற ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்றுவிட்டேன்.

இவர் நடக்கவில்லை. அதையும் எழுதிவிட வேண்டும். ஆறு வருஷம் இருந்தார். ஆறு வருஷமும் மாதம் தவறாமல் முன்சீட்டில் உட்கார்ந்து வெளியே போனார். விளக்கை அணைத்ததால்தான் நடக்கவில்லையா என்று நான் யோசிக்காமல் இருந்ததில்லை. யோசித்துவிட்டு ஒயரைக் கழற்றப் போவேன்.

என் பிள்ளைகளுக்கு இது ஒன்றும் தெரியாது. டிரைவர் லைட்டை அணைக்காமல் போனார், அம்மா கண்டித்த பிறகு திருந்தினார் என்றுதான் பெரியவன் இன்றைக்கும் வருகிறவர்களிடம் சொல்கிறான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். டிரைவர் இருக்கும்போதே ஒரு தடவை சொன்னான். அவர் சிரித்துவிட்டு, "ஆமா, பெரிம்மா கரெக்டா கண்டுபுடிச்சாங்க" என்றார். அவர் மகள் கல்யாணத்துக்கு வேனை அனுப்பினேன், நாள் கிழமைக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினேன். எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை. இப்போது அவருக்கும் தலை நரைத்துவிட்டது, ரிட்டையர்டாகி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். நேரே போய் நின்று சொல்ல என்னால் ஆகாது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. அதற்காகத்தான் பதினோரு காலைப் பொழுது உட்கார்ந்து இதை எழுதினேன்.

பாப்பா, இங்கே வா. இந்த நோட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வா. எழுத்துப் பிழை இருந்தால் பிறகு திருத்தலாம். முதலிலிருந்து வாசி. உள்ளே உன் அப்பா, என் பெரியவன், இருக்கிறான் என்று குரலைக் குறைக்காதே. டிரைவர் மாமா எதிரே உட்கார்ந்திருக்கிறார் பார், அவருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். அவருக்குக் கேட்கிற மாதிரி வாசி.